ஒரே லேபிள், இரண்டு நீலம்: ஒரு மைப்புட்டியின் வழக்கு

"இது நம்ம மையே இல்லடா" என்றார் பெரியப்பா. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நான் எழுதிய தாளை முகத்தருகே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி ஊத்தி விக்கிறாங்க. அந்தக் காலத்து நீலத்துல ஒரு கத்திரிப்பூ ஓடும். இதுல எங்க?"

அவர் சொல்லித்தான் அந்த மையையே வாங்கினேன். அதே நிறுவனம், அதே ராயல் ப்ளூ, பெயரில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அவருடைய புட்டி 2009இல் திறந்தது. எந்தப் பொருளைத் திறந்தாலும் அடியில் தேதி எழுதி ஒட்டுகிற மனிதர் என்பதால் இதில் சந்தேகமில்லை. என்னுடையது 2023இல் வாங்கியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தீட்டிப் பார்த்தபோது அவர் சொன்னது சரியென்றே பட்டது. அவருடையது அடர்ந்த, ஊதா சாய்ந்த நீலம். என்னுடையது வெளுத்த வானம்.

மைப்பேனா பிடிப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பத்தாவது நிமிடத்தில் "முன்ன மாதிரி இல்ல" என்ற பேச்சு வந்துவிடும். ஃபார்முலாவை மாற்றிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு இல்லாத நீல மையே கிடையாது. அந்தக் குற்றச்சாட்டை ஒரு தடவையாவது முறையாக விசாரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரு புட்டிக்கு ஒரு புட்டி வைத்துச் செய்த சோதனையை வைத்து யாரையும் கூண்டில் ஏற்றக் கூடாது. இனி இங்கே அவருடையது பழைய மை, என்னுடையது புது மை.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். அவருடைய பேனாவில் அவர் மையும் என் பேனாவில் என் மையும் இருக்க, இரண்டாலும் எழுதி ஒப்பிட்டேன். அவர் பேனாவின் நிப் பல வருஷம் தேய்ந்து அகன்றது, மையைத் தாராளமாக விடும். என்னுடையது கஞ்சத்தனமான ஃபைன் நிப். ஒரே மையை இரண்டிலும் நிரப்பினாலே அவருடையது ஒரு படி அடர்த்தியாகத்தான் விழும். அந்த ஒப்பீட்டில் பாதி நிப்பைப் பற்றியது. அதனால் பேனாக்களை ஓரமாக வைத்துவிட்டு, ஒரே கண்ணாடி நிப்பைக் கழுவிக் கழுவி இரண்டு மையிலும் தோய்த்து, ஒரே நோட்டின் ஒரே பக்கத்தில் எழுதினேன். பஞ்சுக்குச்சியால் பட்டையும் தீட்டினேன். வித்தியாசம் குறைந்தது, ஆனால் போகவில்லை.

புட்டிக்குள் என்ன இருக்கிறது

மைப்பேனாவுக்கான மையில் பெரும்பகுதி தண்ணீர். அதில் சில சதவீதம் சாயம். நிப்பில் மை சீக்கிரம் உலராமலிருக்க கிளிசரின், கிளைக்கால் போன்ற ஈரம் காப்பவை. தாளில் சரியாக இறங்க, பரப்பு இழுவிசையைக் குறைக்கிற துளி சோப்புத்தன்மை. பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு காப்புப்பொருள். அமிலத்தன்மையை ஓரிடத்தில் நிறுத்த ஏதாவது ஒன்று. "ஃபார்முலா மாறிவிட்டது" என்றால் இவற்றில் எது வேண்டுமானாலும் மாறியிருக்கலாம். கண்ணுக்குத் தெரிவது சாயம் மட்டும். அதிலும் பிரச்சினை உண்டு. யாருமே எதையும் மாற்றாவிட்டாலும் புட்டிக்குள் ஒன்று மாறிக்கொண்டேதான் இருக்கும். தண்ணீர் ஆவியாகும்.

மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் வருஷக்கணக்கில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பிப் போய்விடும். சாயம் எங்கும் போகாது. ஆக, 14 வருஷப் பழைய புட்டியைப் புதுப் புட்டியோடு ஒப்பிடுவது, சுண்டவைத்த பாலைக் கறந்த பாலோடு ஒப்பிட்டு "பால்காரர் ஏமாற்றுகிறார்" என்பதைப் போன்றது. பெரியப்பாவின் புட்டி மூடியைத் திருகிப் பார்த்தேன். உள்ளே இருந்த அட்டை வளையம் கல்லாக இறுகி, ஒரு பக்கம் விண்டிருந்தது. கழுத்தில் காய்ந்த மை செதில் செதிலாக.

எனவே முதல் வேலை, பழைய மைக்குப் போன தண்ணீரைத் திருப்பிக் கொடுப்பது. கொஞ்சம் மையைத் தனியாக எடுத்து, காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்துச் சேர்த்து, ஒவ்வொரு படியிலும் ஒரு பட்டை தீட்டி, புது மையின் அடர்த்தியோடு எப்போது ஒத்துப்போகிறது என்று பார்த்தேன். இங்கேயும் சறுக்கினேன். சொட்டுக்குழாயால் "பத்துச் சொட்டு மை, மூன்று சொட்டு தண்ணீர்" என்று எண்ணிக்கொண்டிருந்தேன். மையின் பரப்பு இழுவிசை தண்ணீரைவிடக் குறைவு என்பதால் மைச் சொட்டு சிறியதாக விழும், தண்ணீர்ச் சொட்டு பெரியதாக விழும். எண்ணிக்கை ஒன்று, அளவு வேறு. இரண்டு நாள் வேலை வீண். பிறகு ஊசி நீக்கிய 1 மி.லி. சிரிஞ்சை எடுத்தேன்.

1 மி.லி. பழைய மைக்கு 0.4 மி.லி. தண்ணீர் சேர்த்தபோது அடர்த்தி சமமானது. அதாவது பெரியப்பா ரசித்த கனமான நீலத்தில் பெரும்பங்கு அவருடைய மேசை மேலேயே உருவானது. தண்ணீர் ஊற்றியது யாருமில்லை. தண்ணீர் போனதுதான் விஷயம்.

இதற்கு ஒரு சாட்சியும் கிடைத்தது, அதுவும் அவர் வீட்டிலேயே. பெரியப்பா தினமும் நாட்குறிப்பு எழுதுபவர். 2009 முதல் 2014 வரை ஒரே பேனா, ஒரே புட்டி, ஒரே மாதிரித் தாள். நோட்டுகள் மூடியே கிடந்ததால் வெளிச்சம் பட்டு வெளுக்கவும் வழியில்லை. வருஷத்துக்கு ஒரு பக்கமாக எடுத்து வரிசையாக விரித்து வைத்தேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் ஒரே நீலம். வரிசையில் பார்த்தால் 2009இன் பக்கம் மெலிந்தும், 2014இன் பக்கம் கனத்தும், நடுவில் உள்ளவை படிக்கட்டு மாதிரியும் இருந்தன. தினமும் அதே மையில் எழுதிய மனிதருக்கு நிறம் மாறியதே தெரியவில்லை. நம் நினைவில் இருக்கும் "அந்த நீலம்" எந்த வருஷத்து நீலம் என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

பெரியப்பா பக்கங்களை மாறி மாறிப் பார்த்தார். "சரி, கனத்துக்குக் காரணம் கிடைச்சாச்சு. கத்திரிப்பூ?"

நியாயமான கேள்வி. தண்ணீர் சேர்த்துச் சமன் செய்த பிறகும் பழைய மையின் பட்டையில் அந்த ஊதாச் சாயல் இருந்தது. 2009இன் பக்கத்திலும் இருந்தது. புது மையில் இல்லை. தண்ணீர் சேர்த்தால் நிறம் வெளுக்கும், ஆனால் ஊதா நீலமாகாது.

வடிகட்டித் தாளில் ஓர் ஓட்டப்பந்தயம்

சாயங்களைப் பிரித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. காப்பி வடிகட்டும் வெள்ளைத் தாளை இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையாக வெட்டி, அடியிலிருந்து இரண்டு செ.மீ. மேலே பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் மேல் மையை மெல்லிய இழையாக இழுத்துக் காயவிட வேண்டும். மூன்று தடவை இழுத்துக் காயவிட்டால் நிறம் நன்றாகச் சேரும். பிறகு ஒரு டம்ளரில் விரல்கடை தண்ணீர் விட்டு, மைக்கோடு நனையாமல் பட்டையைத் தொங்கவிட வேண்டும். தண்ணீர் தாளில் ஏறும்போது சாயங்களையும் இழுத்துக்கொண்டு ஓடும். தாளின் நாரில் ஒட்டிக்கொள்ளும் சாயம் பின்தங்கும், தண்ணீரை விரும்பும் சாயம் முந்தும். தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டால் பிரிவு இன்னும் தெளிவாக வரும் என்பது என் அனுபவம்.

மூன்று பட்டைகளை ஒரே டம்ளரில் தொங்கவிட்டேன்: பழைய மை, தண்ணீர் சேர்த்த பழைய மை, புது மை. முதல் ஐந்து நிமிடம் எதுவும் விசேஷமில்லை. பத்தாவது நிமிடத்தில் முதல் இரண்டு பட்டைகளிலும் நீலம் மேலே நகர, அதன் வாலில் உதட்டுச் சாயம் தடவிய மாதிரி ஓர் இளஞ்சிவப்பு விளிம்பு எட்டிப் பார்த்தது. இருபது நிமிடத்தில் அது தனியாகப் பிரிந்து நின்றது. மூன்றாவது பட்டையில் நீலம் மட்டும். மேலிருந்து கீழ்வரை வெறும் நீலம்.

உலர்ந்த பிறகு ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்தேன். இளஞ்சிவப்புப் பட்டை ஆரஞ்சு கலந்து ஒளிர்ந்தது. ரோடமின் வகைச் சாயங்கள் இப்படித்தான் ஒளிரும். நீலம் கறுப்பாகவே இருந்தது. புது மையின் பட்டையில் எந்த மூலையிலும் ஒளியில்லை. எழுதும் தாளில் இந்தச் சோதனையைச் செய்து ஏமாற வேண்டாம்; அவற்றில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருளே நீலமாக ஒளிர்ந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

இந்த முறையின் அருமை என்னவென்றால், ஆவியாவது, நீர்ப்பது இரண்டுக்கும் இது அசையாது. தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் பட்டைகளின் அழுத்தம்தான் மாறும், எத்தனை பட்டை, எந்த வரிசை என்பது மாறாது. ஒரு மை மாறிவிட்டதா என்று சொல்ல எனக்குத் தெரிந்த நம்பகமான வீட்டுச் சோதனை இது ஒன்றுதான். படம் எடுத்து ஒப்பிடுவதெல்லாம் சும்மா. கேமராக்கள் தடுமாறுகிற இடமே அடர்நீலமும் ஊதாவும். ஒரே பட்டையை ஜன்னல் ஓரத்திலும் எல்.இ.டி. விளக்கடியிலும் எடுத்துப் பாருங்கள், இரண்டு வெவ்வேறு மை என்று சத்தியம் செய்வீர்கள்.

அழித்துப் பார்த்தல்

ஒரு தடை மிச்சம். அந்த இளஞ்சிவப்பு, மை தயாரானபோதே இருந்ததா, 14 வருஷத்தில் நீலச் சாயம் சிதைந்து உருவானதா? இரண்டாவது என்றால் நிறுவனத்தின் மீது தப்பே இல்லை. இதற்கு விடை சொல்ல ராயல் ப்ளூவின் சாயத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

அழிக்கக்கூடிய ராயல் ப்ளூ மைகளின் வழக்கமான சாயம் மெத்தில் ப்ளூ போன்ற டிரைஅரைல்மீத்தேன் வகை. சாய அட்டவணையில் ஆசிட் ப்ளூ 93, எண் 42780. நடுவில் ஒரு கார்பன் அணு, அதைச் சுற்றி மூன்று வளையங்கள், மின்விசிறியின் மூன்று இறக்கை மாதிரி. எலக்ட்ரான்கள் அந்த நடு அணு வழியாக எல்லா இறக்கைகளுக்கும் தாராளமாக உலவுவதால்தான் நீலம் தெரிகிறது. மை அழிக்கும் பேனாவில் இருக்கும் சல்ஃபைட், நேராகப் போய் அந்த நடு அணுவில் ஒட்டிக்கொள்கிறது. உலாவுக்கு வழி அடைபடுகிறது. நிறம் போய்விடும். மை தாளிலேயேதான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. அழிப்பானின் மறுமுனையில் இருக்கும் திருத்தும் மை வேறு வகைச் சாயத்தால் ஆனது என்பதால் அது அழியாது. காரத்தன்மையும் இதே வேலையை மெதுவாகச் செய்யும். ஹைட்ராக்சைடு அதே நடு அணுவைப் பிடிக்கும். அதனால்தான் இந்த மைகள் அமிலத்தன்மையோடு தயாராகின்றன. சுண்ணாம்புத்தன்மை உள்ள நவீனத் தாளில் ராயல் ப்ளூ எழுத்து மாதங்களில் சோர்ந்துபோவதற்கும் இது ஒரு காரணம்.

எல்லாச் சாயத்துக்கும் இந்தப் பலவீனம் கிடையாது. அழிப்பானை இழுத்தபோது புது மை சுத்தமாக மறைந்தது. பழைய மை மறைந்த இடத்தில் ஓர் இளஞ்சிவப்புக் கறை மிஞ்சியது.

இதே சோதனையை நாட்குறிப்பில் செய்ய வேண்டும் என்றேன். பெரியப்பா யோசித்தார். நோட்டைப் புரட்டி, 2009இல் ஒரு நாளைக் காட்டினார். "பல் வலி" என்று மட்டும் எழுதியிருந்தது. "இதை வேணா அழிச்சுக்கோ." 2014இலும் அதேபோல் ஒரு சொல் தந்தார். இரண்டிலும் நீலம் போய், இளஞ்சிவப்பில் அவருடைய கையெழுத்து நின்றது.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2009இன் எழுத்தில் மை புட்டியில் சில மாதமும் தாளில் 14 வருஷமும் இருந்திருக்கிறது. 2014இன் எழுத்தில் புட்டியில் ஐந்து வருஷம், தாளில் ஒன்பது. புட்டியில் மிச்சமிருந்தது முழுக்கப் புட்டியிலேயே கழித்தது. மூன்று வெவ்வேறு வாழ்க்கை. மூன்றிலும் நீலத்துக்கு ஏற்ற அளவில் அதே இளஞ்சிவப்பு. வயதால் முளைத்தது என்றால் இப்படி ஒத்துப்போகாது. அது பிறவியிலேயே இருந்தது. 2009க்கும் 2023க்கும் இடையில் எப்போதோ அதை எடுத்துவிட்டார்கள்.

ஆக பெரியப்பாவின் வழக்கில் பாதி தள்ளுபடி, பாதி நிரூபணம்.

ஏன் எடுத்தார்கள்

என் கணிப்பு எளிமையானது. ராயல் ப்ளூ என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கான மை. அழிய வேண்டும், துணியில் பட்டால் துவைக்கும்போது போக வேண்டும். அழித்த இடத்தில் இளஞ்சிவப்பு நிற்பது அந்த வேலைக்கு ஒரு குறை. அழகுக்காகச் சேர்த்த ஒரு துளியை, பயனுக்காக எடுத்திருக்கிறார்கள். நிறம் என்று பார்த்தால் எனக்குப் பழையதுதான் பிடிக்கிறது. ஆனால் அழியும் நீலம் என்று பார்த்தால் புதுசுதான் ஒழுங்கான மை. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, "நான் என்னைக்கு அழிச்சேன்?" என்று கேட்டார். எழுபது வயதில் ஒருவர் பள்ளிக்கூட மை வாங்கி வைத்துக்கொண்டால் இப்படித்தான்.

மாற்றங்களுக்குப் பின்னால் வேறு காரணங்களும் வரும். மை நிறுவனங்கள் பெரும்பாலும் சாயத்தைத் தாங்களே தயாரிப்பதில்லை. சாயத் தொழிற்சாலை ஒரு சாயத்தை நிறுத்தினால் மைக்காரர் வேறு தேடித்தான் ஆக வேண்டும். வாங்குகிற சாயத் தூளில் உப்பும் கலந்தே வரும், ஒவ்வொரு சரக்கிலும் வீரியம் சற்று மாறும். காப்புப்பொருள் விஷயத்தில் சட்டமும் நுழைகிறது. பழைய மைகளில் ஃபீனால் இருந்தது. புட்டியைத் திறந்தால் ஆஸ்பத்திரி வாசனை அடிப்பது அதனால்தான். பிறகு வந்த ஐசோதயசோலினோன் வகைகளில் மெத்தில் ஐசோதயசோலினோன் என்பது, ஒரு கலவையில் பத்து லட்சத்துக்கு 15 பங்கு இருந்தாலே தோல் ஒவ்வாமை எச்சரிக்கை இட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 மே முதல் நடைமுறை. லேபிளில் திடீரென்று ஆச்சரியக்குறி தோன்றினால் நிறம் மாறியது என்று அர்த்தமில்லை. உள்ளே இருப்பது அப்படியே இருக்க, விதி மட்டும் இறுகியிருக்கலாம்.

சந்தேகமே இல்லாத மாற்றங்கள்

பெரியப்பாவின் மை நுணுக்கமான வழக்கு. மை உலகில் பட்டவர்த்தனமான வழக்குகளும் உண்டு, அவற்றில் பெரியவை எல்லாம் ப்ளூ ப்ளாக்கைச் சுற்றியே.

ப்ளூ ப்ளாக் என்ற பெயரே ஒரு ரசாயன மாற்றத்தைச் சொல்வது. 1830களில் இங்கிலாந்தில் ஹென்றி ஸ்டீஃபன்ஸ் விற்ற எழுதுமை நீலமாக இறங்கி, தாளில் கறுப்பாக மாறும். இரும்பு உப்பும் கடுக்காய் போன்றவற்றில் உள்ள டானினும் சேர்ந்த கரைசல், எழுதும்போது ஏறக்குறைய நிறமற்றது. காற்றில் ஆக்சிஜன் பட்டதும் கறுத்து, தண்ணீரில் கரையாமல் நாரைப் பிடித்துக்கொள்கிறது. எழுதுகிறவருக்குத் தான் எழுதுவது தெரிய வேண்டுமே என்று ஒரு நீலச் சாயத்தைச் சேர்த்தார்கள். நீலம் தற்காலிகம், கறுப்பு நிரந்தரம். அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சில நாட்கள்தான் ப்ளூ ப்ளாக்.

ஜெர்மன் பேனா நிறுவனங்களான லாமியின் ப்ளூ ப்ளாக்கும் மோன்ட் பிளாங்கின் மிட்நைட் ப்ளூவும் நெடுநாள் இப்படி இரும்பு மையாகவே இருந்தன. 2010களின் முதல் சில வருஷங்களில் இரண்டிலிருந்தும் இரும்பு போய், வெறும் சாய மையாகிவிட்டன. பெயர் அப்படியே. இங்கே வடிகட்டித் தாள்கூடத் தேவையில்லை. எழுதி ஒரு வாரம் விட்டு, குழாயடியில் பிடித்தால் போதும். இரும்பு மை என்றால் நீலம் கழுவிக்கொண்டு போய்ச் சாம்பல்கறுப்பு எழுத்து நிற்கும். சாய மை பெரும்பாலும் ஓடிவிடும். பத்திரம் எழுத வாங்கிய ஒருவருக்கு இது நிறப் பிரச்சினையே இல்லை, வேறு பொருளையே கையில் கொடுத்த மாதிரி. பெயரை மாற்றாமல் இதைச் செய்தது சரியில்லை என்பதே என் கருத்து. இரும்பு மை இன்றும் வேண்டும் என்பவர்களுக்கு ஜப்பானிய நிறுவனமான பிளாட்டினத்தின் ப்ளூ ப்ளாக்கும் ரோரர் உண்ட் கிளிங்னரின் சாலிக்ஸும் இருக்கின்றன. பேனாவை அவ்வப்போது கழுவச் சோம்பல் படாதவர்கள் வாங்கலாம்.

இதற்கு நேர் எதிர் வாட்டர்மேன் நிறுவனம். அங்கே மாறியது பெயர். ஃப்ளோரிடா ப்ளூ, செரினிட்டி ப்ளூ ஆனது. ப்ளூ ப்ளாக், மிஸ்டீரியஸ் ப்ளூ ஆனது. சவுத் சீஸ் ப்ளூ, இன்ஸ்பயர்ட் ப்ளூ. பெயர் மாறிய அன்றே நிறமும் மாறிவிட்டதாகப் பலருக்குத் தோன்றியது. பழைய பெயர்ப் புட்டி எதுவானாலும் அது பழைய புட்டிதான், அதில் தண்ணீர் குறைந்திருக்கும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. லேபிளைப் பார்த்துவிட்டு மையைப் பார்த்தால் கண் பாரபட்சம் காட்டும். எனக்கே காட்டியது; அதனால்தான் கடைசிச் சுற்றில் பட்டைகளின் பின்னால் குறியிட்டு, கலைத்துப் போட்டுப் பார்த்தேன்.

நிறுத்தப்பட்ட மைகள் இன்னொரு ரகம். பார்க்கரின் பென்மேன் சஃபையர் 1990களில் வந்து, அதிக நாள் நீடிக்காமல் போனது. சாயச் செறிவு மிகுந்த நீலம். தாளில் கனமாக நின்ற இடத்தில் சிவப்பாக மினுங்கும். சாயம் தாளுக்குள் இறங்காமல் மேலே படலமாக உறையும்போது, அந்தப் படலம் தான் விழுங்கும் நிறத்தையே பளபளப்பாகத் திருப்பி அனுப்புகிறது. நீலத்துக்குச் சிவப்பு மினுக்கு அதனால்தான். இன்று புது மை எது வந்தாலும் "சஃபையர் மாதிரி இருக்கா?" என்று கேட்கும் கூட்டம் இருக்கிறது. அவர்கள் ஒப்பிடுவது கால் நூற்றாண்டாகப் புட்டியில் சுண்டிய சஃபையரோடு. 1999இன் சஃபையரை இன்று யாரும் பார்க்க முடியாது.

நீலம் இல்லையென்றாலும் லாமியின் டார்க் லைலக்கைச் சொல்லாமல் விட முடியாது. 2016இல் வந்த ஊதா மை, 2024இல் அதே பெயரில் திரும்பி வந்தது. முந்தைய புட்டி வைத்திருந்தவர்கள் ஒரே பட்டையில் கண்டுபிடித்துவிட்டார்கள், இது அது இல்லை என்று. எட்டு வருஷ ஆவியாதலால் அந்த வித்தியாசத்தை விளக்க முடியாது.

ஃபார்முலா மாறாமலிருப்பதே நல்லது என்று நினைப்பவர்களுக்குப் பார்க்கரின் இன்னொரு கதை. 1931இல் வந்த குயிங்க் சாதுவான மை. சீக்கிரம் உலர வேண்டும் என்ற ஆசையில் 1941இன் "51" பேனாவோடு கடும் காரத்தன்மையுள்ள மையைக் கொண்டுவந்தார்கள். அதை வேறு பேனாவில் போடாதீர்கள் என்று லேபிளிலேயே எச்சரிக்கை. அதன் வாரிசான சூப்பர்க்ரோமின் நிறங்கள் இன்றும் கண்ணைப் பறிக்கும். அது பேனாக்களின் உள் உறுப்புகளை அரித்தே தீர்த்தது. அந்த மை ஒழிந்ததற்கு எந்தப் பேனாவும் வருத்தப்படாது.

தாளும் மாறும் என்பதை இங்கே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். மை மினுக்குக்குப் பேர்போன தோமோயே ரிவர் தாளைத் தயாரித்து வந்த தோமோயேகாவா அதைக் கைவிட, சான்சென் நிறுவனம் எடுத்துக்கொண்டது. பழைய தாளில் பார்த்த மினுக்கைப் புதுத் தாளில் தேடிவிட்டு மையைத் திட்டுபவர்கள் உண்டு.

பழைய நீலத்தைத் திரும்பச் செய்தல்

விசாரணை முடிந்தது, ஆனால் பெரியப்பாவுக்கு அவருடைய நீலம் வேண்டும். அதே நிறுவனத்தின் இளஞ்சிவப்பு மை ஒரு புட்டி வாங்கினேன். மைகளைக் கலப்பதில் ஆபத்து உண்டு. அமில மையும் கார மையும் சேர்ந்தால் சாயம் திரிந்து அடியில் படியும். நூட்லர்ஸின் பேஸ்டேட் ப்ளூவை வேறு எதனுடனும் கலக்காதே என்று சொல்வது இப்படியொரு பொருந்தாமையால்தான். அதனால் கலந்ததைக் கண்ணாடிக் குப்பியில் ஒரு வாரம் விட்டு, சாய்த்துப் பார்த்து, படிவு எதுவும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே பேனாவில் நிரப்பினேன்.

3 மி.லி. நீலத்துக்கு 0.1 மி.லி. இளஞ்சிவப்பு. கத்திரிப்பூ திரும்பி வந்தது. வடிகட்டித் தாளிலும் அதே வால், கொஞ்சம் வேறு உயரத்தில். அடர்த்திக்குச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றித் திறந்தபடி வைத்தேன், மூன்றில் ஒரு பங்கு வற்றும்வரை. 14 வருஷ வேலையை ஒரு வாரத்தில் முடித்தது அது. ஈரம் காக்கும் பொருளும் கூடவே செறிந்துவிடும் என்பதால் எழுத்து காய நேரமாகும், இதைச் செய்து பார்ப்பவர்கள் பிளாட்டிங் பேப்பரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இதற்கிடையே ஜன்னலில் ஒட்டியிருந்த பட்டைகளை எடுத்துப் பார்த்தேன். பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி ஒரு மாதம் வெயிலில் விட்டிருந்தேன். இரண்டு மையும் வெளுத்திருந்தன. பழைய மையில் முதலில் ஓடிப்போனது அந்த இளஞ்சிவப்புதான். மூடாத பாதியில் அது ஏறக்குறைய புது மையின் நிறத்துக்கே வந்துவிட்டது. நாட்குறிப்பு மூடிக் கிடந்ததால்தான் கத்திரிப்பூ பிழைத்திருக்கிறது.

கலந்த மையை நிரப்பி, பெரியப்பாவிடம் பேனாவை நீட்டினேன். ஒரு வரி எழுதினார். தாளை முகத்தருகே கொண்டுபோனார். "ம்ம்" என்றார். பிறகு தன் பழைய புட்டியை எடுத்து, விண்டுபோன அட்டை வளையத்தை நகத்தால் நிமிண்டிக்கொண்டே, "அப்போ மூடியை நான் சரியா மூடாததுதான் இவ்வளவு நாளா எனக்குப் பிடிச்சிருந்ததா?" என்றார்.